அரபியின் மகள்கள்

அவரிடம் ஒரு தேதி கேட்டுப் போனால் உடனே சொல்லிவிட மாட்டார். "கை கழுவினீங்களா?" என்று கேட்பார். கழுவியாயிற்று என்று சொன்னால் போதாது. கிணற்றடியில் வாளியும் துண்டும் இருக்கும். அங்கே போய் அவர் கண்ணெதிரே கழுவ வேண்டும். பிறகு உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, மெழுகுத்துணியில் சுற்றிய பெரிய புத்தகம் ஒன்றை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வருவார். ஆனால் வந்தவர் அதைத் தொட முடியாது. கை கழுவச் சொன்னது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு மட்டும்தான்.

1940 ஆனி மாதம் நான் முதன்முதலாக அங்கே கை கழுவினேன். மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். மழை, ஆற்று நீர், ஊர்ச் செய்தி ஆகியவற்றை அன்றன்றைக்கு நோட்டில் எழுதிவைக்கிற பழக்கம் 1934 முதல் எனக்கு உண்டு. அதில் சில பக்கங்கள் ஈரத்தில் ஊறி மை கலைந்துவிட்டன. அந்த நாட்களுக்கு வேறு எங்காவது குறிப்பு கிடைக்குமா என்று விசாரித்தபோது, "டாக்டரம்மாகிட்ட கேளுங்க, அவுங்க புஸ்தகத்துல தேதி இல்லாத வரியே கெடையாது" என்று மாட்டாஸ்பத்திரி பியூன் சொன்னான். போன இடத்தில் எனக்குக் கிடைத்தது குதிரைகளின் வம்ச வரலாறு.

அவர் டாக்டர் இல்லை. டாக்டரின் மனைவி, நான் போனபோது விதவை. கணவர் கடலூர் மாட்டாஸ்பத்திரியில் இருந்தவர், 1938 ஆவணியில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வடக்கே ஒரு சிறிய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார்.

1933இல் பம்பாய் வழியாக ஒரு பொலிகுதிரை கடலூருக்கு வந்தது. கப்பலில் வந்த அசல் அரபுக் குதிரை. செந்நிற உடம்பு, கறுப்புப் பிடரி, கறுப்பு வால். அதற்கு ஒரு நீளமான பெயர் இருந்தது. ஊர் அதை 'அரபி' என்று சுருக்கிக்கொண்டது. ஜில்லாவில் ஜட்கா இழுக்கும் மட்டக் குதிரைகளின் இனத்தை உயர்த்துவதற்காக வந்த குதிரை அது. பெட்டைக் குதிரை வைத்திருப்பவர்கள் அதை ஓட்டிவந்து அரபியிடம் விடலாம். எந்தப் பெட்டை, யாருடையது, என்ன நிறம், எந்தத் தேதியில் விட்டது, எப்போது குட்டி போட்டது, குட்டியின் அடையாளம் என்ன என்பதெல்லாம் பதிவாக வேண்டும். டாக்டர் துண்டுச் சீட்டுகளில் கிறுக்கிவைப்பார். கையெழுத்து அவருக்கே சில நாள் விளங்காது. மாலையில் அந்த அம்மாள் அவற்றை வாங்கிப் புத்தகத்தில் அழகாகப் பிரதி எடுப்பார். ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொரு பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. யுத்த காலத்தில் டாக்டர்கள் ஆறு மாதத்துக்கு ஒருவராக மாறினார்கள். ஆக, அரபியின் வம்சத்தைப் பற்றி எழுத்தில் மிஞ்சியது அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்த புத்தகம் ஒன்றுதான். கணவர் அவருக்கு விட்டுப் போனதும் ஏறக்குறைய அது ஒன்றுதான்.

"அவர் கண்ணால பாக்காதத எழுத மாட்டாரு." கணவரைப் பற்றி அந்த அம்மாள் இதைச் சொல்லாத நாளை நான் அறியேன். அதைத் தன் ஆயுளுக்கும் விதியாக வைத்துக்கொண்டிருந்தார். தெரு முழுவதும் அதற்குச் சாட்சி. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்து, எல்லாரும் கூடி "அப்படியே அப்பன் ஜாடை" என்று கொஞ்சிக்கொண்டிருந்தபோது, இவர் குனிந்து பார்த்துவிட்டு, "மூக்கு மட்டும். காதப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றாராம். அவர்களுடைய கிறிஸ்தவக் கோவிலில் இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று வேதாகமத்து வம்ச அட்டவணை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் விசிறிக்கொண்டு கண்ணயர்வார்கள்; இவர் அன்றைக்குத்தான் நிமிர்ந்து உட்காருவார் என்று அவர்கள் சபை ஆட்களே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

முதல் ஏழெட்டு வருஷங்களில் எல்லாருக்கும் அரபியின் பெயர் வேண்டியிருந்தது. அரபியின் குட்டிகள் சாலைக்கு வந்ததும் ஊரின் கண்ணே மாறிவிட்டது. நெற்றி அகலம், மூக்குத் தண்டில் ஒரு குழிவு, ஓடும்போது கொடி மாதிரி தூக்கிப் பிடிக்கிற வால். பழைய நாட்டு மட்டங்கள் குட்டையானவை, கெட்டிக் குளம்பு, கிடைத்ததைத் தின்னும். அரபியின் வாரிசுகள் வேகம். ஆனால் கொள்ளு நன்றாக வெந்திருக்க வேண்டும், தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், பஸ் ஹாரன் அடித்தால் வண்டியோடு வயலில் இறங்கும். "அழவு இருக்குது, அடக்கம் இல்ல. மாப்புள்ள மாதிரி ஒக்கார வச்சு சோறு போட வேண்டியிருக்குது" என்று திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். குறைப்பட்டுக்கொண்டே தங்கள் குதிரையும் அரபியின் வழிதான் என்பார்கள்.

ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே பண்ருட்டிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் வாழைத்தார் ஒன்றோடு வந்து இறங்கினார். தன் குட்டியும் அரபிக்குப் பிறந்ததுதான், எழுதாமல் விட்டுப்போயிற்று, இப்போது எழுதிவிட வேண்டும் என்றார்.

"தேதி?"

"தேதி யாருக்கும்மா ஞாபகம்? குட்டியப் பாருங்க, வாலத் தூக்கிக்கிட்டுத்தான் போவுது!"

"எங்க தெரு நாயும் அப்பிடித்தான் போவுது. அதையும் எழுதிடலாமா?"

மிராசுதார் வாழைத்தாரோடு வண்டி ஏறினார். அவர் முகம் சிவந்திருந்தது. நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் பேருல இருக்கிற புஸ்தகம் தம்பி இது" என்று மட்டும் சொன்னார்.

யுத்தம் முற்றியதும் கப்பல்கள் நின்றன. புதிய பொலிகுதிரை வரும் வழி அடைபட்டது. அரபிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அதே சமயம் பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு திணற, ஜட்காக்களுக்கு மறுபடி நல்ல காலம் பிறந்தது. எல்லாரும் பெட்டைகளை ஓட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்துக்கு வந்தார்கள். வந்த பெட்டைகளில் நல்லவை எல்லாம் அரபியின் மகள்கள்.

அரபியைப் பராமரித்த பாய் அங்கேதான் மறித்துக்கொண்டார். வந்த நாள் முதல் அரபிக்குக் கொள்ளு வைத்தவர் அவர். மகளைத் தகப்பனிடம் விடுவதில்லை என்பது இங்கே குதிரைக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான வழக்கம். புதிதாக வந்திருந்த வாலிப டாக்டர் அவரிடம் வாதாடிப் பார்த்தார்.

"அரேபியாவுல இதெல்லாம் சகஜம் பாய். வெளி ரத்தம் சேராம அப்படியே காப்பாத்துவாங்க."

"அங்க சகஜமா இருக்கலாம் சார். இங்க நான் கயத்த அவுக்க மாட்டேன். எனக்கும் மூணு பொட்டப் புள்ளைங்க இருக்குது."

பாய்க்குப் படிக்கத் தெரியாது. டாக்டரம்மாவின் புத்தகத்தில் மகள் என்று இருந்தால் மகள்; இல்லையென்றால் கயிறு அவிழும். ஆக, நேற்று வரை அரபியின் பெயரை எழுதச் சொல்லி வந்தவர்கள் இப்போது அதை அழிக்கச் சொல்லி வர ஆரம்பித்தார்கள்.

அவர்களில் ஒருவர் சிதம்பரத்துத் தனகோட்டி. ஐம்பது வயது இருக்கும். கோவிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஸ்டேஷனில் இறங்கியதும் அவருடைய ஜட்காவைத்தான் தேடுவார்கள். 'அரபி வண்டி' என்றால் நான்கு வீதியிலும் தெரியும். குதிரையின் பெயர் செவத்தி. 1943 புரட்டாசியில் ரயிலேறி வந்து, கை கழுவிவிட்டு, அம்மாளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு கோடும்மா. ஒரே ஒரு கோடு. அந்தப் பேரு மேல இழுத்துடுங்க."

"எதுக்கு?"

"செவத்திய அரபிகிட்ட வுடணும். அரபிக்கும் வயசாச்சு, இன்னும் ஒரு வருஷம் தாங்குமோ என்னமோ. எனக்கு அதுக்கப்புறம் வண்டியில கட்ட ஒரு குட்டி வேணும்மா. பாய் மாட்டேங்கறாரு. மவளாம்."

"மகதானே?"

தனகோட்டி தலையைச் சொறிந்தார். "எழுதியிருக்குதே."

"எழுதியிருந்தா மகதான். எங்க வீட்டுக்காரர் கண்ணால பாக்காதத எழுத மாட்டாரு."

"அது சரிம்மா. மவளாவே இருக்கட்டும். புஸ்தகத்துல மட்டும் இல்லாம இருக்கட்டும்."

"ஊருக்குள்ள 'அரபி வண்டி, அரபி வண்டி'ன்னு சவாரி புடிப்ப. இங்க வந்தா அப்பன் பேர அழின்னு கேப்ப. நல்லா இருக்கு தனகோட்டி உன் நியாயம்."

தனகோட்டி கெஞ்சினார். எழுந்து நின்று கும்பிட்டார். போகும்போது வாசலில் நின்று, "ஒரு கோட்டுல என்னம்மா கொறஞ்சு போயிடும்?" என்றார். அந்த அம்மாள் புத்தகத்தை மெழுகுத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்த பிறகு என்னிடம் சொன்னார்: "ஒரு வரி பொய்னு ஆனா, அவர் எழுதின மத்த வரிய எல்லாம் யாரு நம்புவா?"

அவர் எதற்கு அஞ்சினார் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கார்த்திகையில் அவர் சிதம்பரம் போனார். அவருடைய தங்கை அங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஸ்டேஷனில் தனகோட்டியின் வண்டிதான் நின்றது. செவத்தியை அது குட்டியாக இருந்தபோது ஒரு தரம் பார்த்ததோடு சரி. இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் மறுபடி பார்த்தார். நல்ல சிவப்பு, அரபியின் சிவப்பேதான் என்று நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாராம். கீழ வீதி திரும்பும்போது தூறல் பிடித்தது. குதிரையின் விலாவிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வழிந்து ஏர்க்கால் வழியே சொட்டியது.

"என்னப்பா இது?"

"அலங்காரம்மா. மருதாணியும் காவியும். கோவில் ஊராச்சே, பாக்க லட்சணமா இருக்கணும்ல?"

அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். மழையில் இறங்கிப்போய் குதிரையின் காதுக்குப் பின்னால் மயிரை விலக்கிப் பார்த்தார். வெள்ளை. கழுத்தடியிலும் வெள்ளை. மறுபடி ஏறிக்கொண்டார். தங்கை வீட்டில் ஒரு வாரம் இருப்பதாகப் போனவர் மறுநாளே கடலூர் திரும்பிவிட்டார்.

நான் இதைக் கேள்விப்பட்டது நான்கு நாள் கழித்து. என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் புத்தகம் விரித்து இருந்தது. பக்கத்தில் கணவருடைய தடிமனான இங்கிலீஷ் குதிரைப் புத்தகம். அன்றைக்கு என்னைக் கை கழுவச் சொல்லவில்லை.

"தம்பி, சில குதிரை பொறக்கும்போது செவப்பாவோ கறுப்பாவோ இருக்கும். வருஷம் போகப்போக மெதுவா வெளுத்துக்கிட்டே வரும். அந்த வெளுப்பு தானா வராது. தாய் தகப்பன் ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது இருக்கணும். அவர் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்காரு, புஸ்தகத்துலயும் இருக்கு." விரலால் வரியைத் தொட்டார். "செவத்தியோட தாய் கறுப்பு. அது வயசாகி இங்க ஆஸ்பத்திரியிலதான் கறுப்பாவே செத்துது, நானே பாத்தேன். அரபி செவப்பு. இன்னைக்கும் செவப்பு."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. வெளுத்துவிட்ட செவத்தி அரபிக்குப் பிறந்திருக்க முடியாது.

"பெட்டைய அரபிகிட்ட விட்ட தேதி முப்பத்தஞ்சாம் வருஷம் ஐப்பசி இருபத்திரண்டு. உங்க நோட்டுல அன்னைக்கு என்ன இருக்கு?"

வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வழியெல்லாம், அந்தப் பக்கமும் ஈரத்தில் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தேன். நான் வாயைத் திறக்கும் முன் அவர் சொன்னார்: "இருக்கிறத அப்பிடியே படிங்க தம்பி."

படித்தேன். ஐப்பசி 19 முதல் ஓயாத மழை. 20இல் வெள்ளாறு கரை புரண்டது. புவனகிரிப் பாதை அடைப்பு. 25இல்தான் வண்டி விட்டார்கள்.

சிதம்பரத்திலிருந்து ஒரு குதிரை 22ஆம் தேதி கடலூருக்கு நடந்து வந்திருக்க முடியாது.

"அந்த மாசம் அவரு விஷக்காய்ச்சல்ல படுத்திருந்தாரு. பாய்கூட அப்ப ஊர்ல இல்ல, அவரு மாமனார் மவுத்தாப் போனாருன்னு போயிருந்தாரு" என்றார். பிறகு மைப்புட்டியைத் திறந்து, அந்த வரியின் குறுக்கே அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டார். தனகோட்டி நின்று கும்பிட்டுக் கேட்டபோது போடாத கோடு. பக்கத்தில் 'தந்தை தெரியாது' என்று எழுதினார். அதற்கு அடுத்த கட்டம் திருத்தத்துக்கான காரணம் எழுத வேண்டிய இடம். அதைக் காலியாக விட்டார்.

"தனகோட்டிய வரச்சொல்லிக் கடுதாசி போடட்டுமா?" என்று கேட்டேன்.

"தப்பு எங்க பக்கம். நாங்கதான் போய்ச் சொல்லணும். உங்க நோட்ட எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க."

நான் அவரோடு சிதம்பரம் போனது 1944 தை மாதம். தில்லைக்காளி கோவிலுக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் தனகோட்டியின் வீடு. பக்கத்தில் கீற்றுக் கொட்டகையில் செவத்தி நின்றது. தனகோட்டியின் மனைவி அம்மியில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தவள், எங்களைக் கண்டதும் எழுந்து கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மணிக்கட்டு வரை சிவந்திருந்தது.

தனகோட்டிக்கு ஒரே சந்தோஷம். "கோடு போட மனசு வந்துச்சாம்மா? அதுக்கு நீங்களே வரணுமா, ஒரு கார்டு போட்டா ஓடியாந்திருப்பேனே!"

அந்த அம்மாள் உட்காரவில்லை.

"போட்டாச்சு தனகோட்டி. ஆனா நீ கேட்ட மாதிரி இல்ல. செவத்தி அரபிக்குப் பொறந்தது இல்ல. எங்க வீட்டுக்காரர் எழுதினது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

தனகோட்டியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கேட்டது கிடைத்த மனிதனின் முகம் இல்லை அது.

"யாரு சொன்னாங்க? ஊரே சொல்லுது அரபி மவதான்னு. இந்தத் தேரடியில போயிக் கேளுங்க! வேணாம்மா. அந்தக் கோட்ட எடுத்துடுங்க. எனக்குக் குட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"எடுக்க முடியாது."

"டாக்டரு எழுதுனா தப்பாவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்." அவர் குரல் தாழ்ந்தது. "நம்பித்தான் சொன்னேன். இத்தனை வருஷமா உன்ன ஏமாத்திட்டோம். அவர் இல்ல, அதனால நான் கேக்கறேன். மன்னிச்சுக்கப்பா." கைகளைக் கூப்பினார்.

தனகோட்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"சொல்லுய்யா. அந்தம்மா ஒன்னக் கும்புட்டுக்கிட்டு நிக்குது. நாலு வருஷமா மாசம் ரெண்டு தரம் அரச்சுக் குடுக்கறேன், என் கையிப் பாரு, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இப்பிடிச் செவக்காது. நானும் எத்தினி நாளைக்கு அரைக்கறது?"

"சும்மா இருடி."

"சொல்லு மொதல்ல."

அவர் சொன்னார். 1935 ஐப்பசியில் கறுப்புப் பெட்டையை ஓட்டிக்கொண்டு கடலூருக்குக் கிளம்பியிருக்கிறார். புவனகிரியில் வெள்ளாறு மறித்துவிட்டது. சத்திரத்தில் இரண்டு நாள் காத்திருந்தார். பெட்டையின் பருவம் தப்பிவிடும் என்கிற கவலை. அதே சத்திரத்தில் ஒரு வியாபாரி வெள்ளை நாட்டுக் குதிரை ஒன்றோடு ஒதுங்கியிருந்தான். அதனிடம் விட்டுவிட்டார். ஊரிலோ அரபியிடம் போவதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். பெட்டையை அங்கேயே விட்டுவிட்டு, கிள்ளைக்கு நடந்து ரயிலேறி, ரயில் பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்து, தான் மட்டும் கடலூர் போனார்.

"டாக்டரு படுத்திருந்தாரு. அரபிகிட்ட வுட்டாச்சு எசமான், இருபத்திரண்டாந் தேதி, பாய் இல்லாததால வேற ஆளு வுட்டான்னேன்."

"அவர் என்ன கேட்டாரு?" அந்த அம்மாள் கேட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஆத்துல தண்ணியாமே, எப்பிடிடா வந்தேன்னு கேட்டாரு. மேக்கால சுத்திக்கிட்டு வந்தேன்னேன். 'அவ்ளோ தூரமா நடந்தே?'ன்னாரு. சீட்ட எடுத்து எழுதுனாரு. எழுதிட்டு, இவனுக்குக் கஞ்சி குடுன்னு உள்ள பாத்துச் சொன்னாரு. நீங்கதாம்மா கொண்டாந்து ஊத்துனீங்க. தொட்டுக்க நார்த்தங்கா வச்சீங்க."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்குதும்மா" என்றார் தனகோட்டி. "அந்தக் கஞ்சிய முழுங்க முடியல. அப்பவே சொல்லியிருக்கணும். குட்டி பொறந்து செவப்பா இருந்துச்சா, சாமியே நம்ம பக்கம்னு நெனச்சுக்கிட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது அரபி மவதான்னு ஆயிடுச்சு. வெளுக்க ஆரம்பிச்சப்பதான்..." அவர் மனைவி உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து அந்த அம்மாளிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

பின்னால் நடந்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்த மாசியில் செவத்தி கடலூருக்கு வந்தது. சாயம் போய் உடம்பெல்லாம் வெள்ளையாக, புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறத்தோடு இருந்தது. பாய் கயிற்றை அவிழ்த்தார். 1945 தை மாதம் ஓர் ஆண் குட்டி பிறந்தது. செய்தி பரவியதும், அந்த அம்மாள் பயந்தபடியே, புத்தகத்தை நம்பாதவர்கள் சிலர் உண்டானார்கள். அந்த அம்மாள், டாக்டர் காய்ச்சலில் கிடந்த அந்த மாதத்து வரிகள் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, பண்ருட்டி, மங்கலம்பேட்டை என்று ஊர் ஊராகப் போய் விசாரித்தார். ஓர் இடத்தில் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார்கள். மற்ற வரிகளில் தவறு அகப்படவில்லை. அரபி 1946இல் செத்தது. அவர் 1949 சித்திரையில் இறந்தார். அப்போது நான் வேலை மாற்றலில் வேலூரில் இருந்தேன். புத்தகம் யாரிடம் போயிற்று என்று விசாரித்தும் தெரியவில்லை.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முன்னால் வருவது அந்தத் தை மாதத்து ரயில்தான். சிதம்பரத்தில் மாலை வண்டி ஏறினோம். மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரயில் கிள்ளையைத் தாண்டியது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது.

"காய்ச்சல்ல இருந்தவர்தானேம்மா. உடம்பு நல்லா இருந்திருந்தா இப்படி நடந்திருக்காது."

"காய்ச்சல் மேல பழி போடாதீங்க தம்பி." வெளியே பார்த்தபடி சொன்னார்: "அவர் நம்பிட்டாரு. ஒருத்தன் நனைஞ்சுக்கிட்டு வந்து நின்னு சொல்றான், நம்பிட்டாரு. அவன் நடந்த தூரத்தக் கேட்டாரே ஒழிய வேற ஒண்ணும் கேக்கல. அவர் பாத்தாத்தான் எழுதுவாருன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். யாருகிட்டயும் சிரிச்ச முகமா ஒரு வார்த்த பேசினதில்ல, அவர் அப்பிடித்தான்னு நெனச்சுக்கிட்டு. அவர் நம்புற மனுஷனா இருந்திருக்காரு. பதினாலு வருஷம் கூட இருந்தேன் தம்பி. நான் வேற யாரையோ நெனச்சு வச்சிருந்திருக்கேன்."

அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

எதிர் வண்டிக்காக ரயில் ஆலப்பாக்கத்தில் நின்றது. ஆட்டம் நின்றதும் அவர் மெழுகுத்துணியைப் பிரித்தார். அந்தப் பக்கத்தை எடுத்து, காலியாக விட்டிருந்த கட்டத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"காரணம்னு ஒண்ணு எழுதணுமே. என்ன எழுதலாம்?"

"உரிமையாளர் தந்த பொய்த் தகவல்" என்றேன். குமாஸ்தாவுக்குச் சட்டென்று வருகிற வாசகம். உண்மையும் அதுதான்.

"உரிமையாளர்னா பக்கத்துலயே தனகோட்டி பேரு இருக்கே. நாளைக்கு யாராவது படிச்சுச் சொல்லுவாங்க."

"இருக்கிறத எழுத வேண்டாமாம்மா?"

"இருக்கிறதத்தான் எழுதப் போறேன்." என் பேனாவை வாங்கிக்கொண்டார். வழக்கமாக ஒரு வரிக்கு முன்னால் அவர் இவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை. எதிர் வண்டி கடந்து போயிற்று. எங்கள் வண்டி அசைவதற்குள் இரண்டே சொல் எழுதி, ஊதி உலர்த்தி, நான் படிப்பதற்காகப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

'வெள்ளாற்றில் வெள்ளம்.'